பாலாற்றுப் பாலம் தாண்டினால் எம்.பி. மாறிவிடுவார்: வேலூர்க்காரர்கள் தொகுதி பற்றிக் கேட்கும் கேள்விகள்

காட்பாடியில் சின்னதாக ஒரு ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். கடைக்குள் ஓரமாக ஒரு மேஜை. அதில் உட்கார்ந்து மனு எழுதிக் கொடுப்பதும் உண்டு. ரேஷன் கார்டு, பட்டா, முதியோர் உதவித்தொகை, தெருவிளக்கு என்று எதற்கு வந்தாலும், 'பெறுநர்' என்று எழுதியதும் பேனா நின்றுவிடும். யாருக்கு எழுதுவது? எம்.எல்.ஏ.வுக்கா, கலெக்டருக்கா, கவுன்சிலருக்கா? நம்ம ஊர் யார் தொகுதியில் வருகிறது? இதையே திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். வாயால் சொல்லி அலுத்துப்போனதால் எழுதி வைக்கிறேன். இப்போது எந்தத் தொகுதியில் யார் உறுப்பினர் என்று இதில் போடவில்லை. அது தேர்தலுக்குத் தேர்தல் மாறும். கோடுகள் அவ்வளவு சீக்கிரம் மாறாது.

வேலூர் மாவட்டத்துக்கு எத்தனை எம்.எல்.ஏ.?

ஐந்து. காட்பாடி, வேலூர், அணைக்கட்டு, கே.வி.குப்பம், குடியாத்தம்.

பதின்மூன்று என்று படித்த ஞாபகம் இருக்கிறதே?

அதுவும் சரிதான், பழைய கணக்கு. 2019-ல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தது. சுதந்திர தின உரையில் அறிவிப்பு வந்தது, நவம்பர் கடைசியில் புது மாவட்டங்கள் செயல்பட ஆரம்பித்தன. அரக்கோணம், சோளிங்கர், ராணிப்பேட்டை, ஆற்காடு ஆகிய நான்கு தொகுதிகள் ராணிப்பேட்டை மாவட்டத்துக்குப் போயின. வாணியம்பாடி, ஆம்பூர், ஜோலார்பேட்டை, திருப்பத்தூர் நான்கும் திருப்பத்தூர் மாவட்டத்துக்கு. மிச்சம் ஐந்து. எம்.எல்.ஏ.க்களின் எண்ணிக்கை ஒன்றுகூட ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. கூடியது கலெக்டர் எண்ணிக்கைதான்: ஒருவர் இருந்த இடத்தில் மூன்று பேர்.

மாவட்டத்தைப் பிரிப்பது மாநில அரசு. ஒரு அரசாணை போதும். தொகுதியைப் பிரிப்பதோ எல்லை மறுவரையறை ஆணையம். இன்று நாம் ஓட்டுப் போடும் தொகுதிகள், நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான ஆணையம் 2001 மக்கள்தொகைக் கணக்கை வைத்துப் போட்ட கோடுகள். 2008-ல் உத்தரவு வந்தது, சட்டமன்றத்துக்கு 2011 தேர்தலில் முதன்முறை நடைமுறைக்கு வந்தது. அந்த ஆணையம் கோடு போடும்போது ராணிப்பேட்டை மாவட்டம் என்று ஒன்று கிடையாது.

என் வாக்காளர் அட்டையில் 'பேரணாம்பட்டு தொகுதி' என்று இருக்கிறது. அப்படி ஒரு தொகுதி பட்டியலில் இல்லையே?

இந்த அட்டையோடு வருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். லேமினேஷன் ஓரம் பிரிந்து, போட்டோவில் மீசை மட்டும் தெரிகிற கருப்பு வெள்ளை அட்டை. பேரணாம்பட்டு, நாட்றம்பள்ளி இரண்டும் 2008 உத்தரவோடு மறைந்த தொகுதிகள். பதிலுக்கு கே.வி.குப்பமும் ஜோலார்பேட்டையும் புதிதாக வந்தன. பேரணாம்பட்டு நகரம் இப்போது குடியாத்தம் தொகுதிக்குள்.

அட்டை பழசாக இருப்பதால் ஓட்டுப் போகாது. வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்பதுதான் முக்கியம். அட்டை நீங்கள் யார் என்று காட்டுவதற்கு, அவ்வளவுதான். ஆனால் தொகுதிப் பெயரைத் தெரிந்துகொள்ள அந்தப் பழைய அட்டையை நம்பாதீர்கள். தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் அட்டை எண்ணைப் போட்டால் தொகுதி, பாகம் எண், வரிசை எண் எல்லாம் வரும். இணைய வசதி இல்லாதவர்கள் 1950-க்கு அடிக்கலாம், அல்லது தெருவுக்கு வரும் பி.எல்.ஓ.விடம் (வாக்குச்சாவடி நிலை அலுவலர்) கேட்கலாம். வீடு மாறியிருந்தால் படிவம் 8, புதிதாகச் சேர படிவம் 6.

காட்பாடியில் இருக்கிறேன். என் எம்.பி. வேலூர் எம்.பி.தானே?

இல்லை. பெரும்பாலானவர்கள் வழுக்கி விழும் இடம் இதுதான். நானும் விழுந்திருக்கிறேன். ரயில்வே சம்பந்தமாகத் தெருக்காரர்கள் ஐம்பது பேர் கையெழுத்துப் போட்ட ஒரு மனுவுக்கு, யோசிக்காமல் மாவட்டப் பெயரைப் பார்த்து எம்.பி. முகவரி எழுதிக் கொடுத்தேன். ஒன்றரை மாதம் கழித்து, 'எமது தொகுதிக்கு உட்பட்டதல்ல' என்று கவர் திரும்பி வந்தது. ஐம்பது பேருக்கும் நான்தான் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

கணக்கு இப்படி: வேலூர் மக்களவைத் தொகுதியில் வேலூர், அணைக்கட்டு, கே.வி.குப்பம், குடியாத்தம், வாணியம்பாடி, ஆம்பூர் ஆறும் வரும். காட்பாடி அதில் இல்லை. திருத்தணி, அரக்கோணம், சோளிங்கர், ராணிப்பேட்டை, ஆற்காடு ஆகியவற்றோடு சேர்ந்து காட்பாடி அரக்கோணம் மக்களவைத் தொகுதியில் இருக்கிறது. ஜோலார்பேட்டை, திருப்பத்தூர்க்காரர்களுக்கு எம்.பி. திருவண்ணாமலை எம்.பி.

இதைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் காட்பாடியில் ஒன்றாம் நம்பர் பஸ்ஸோ இரண்டாம் நம்பர் பஸ்ஸோ ஏறி பாகாயம் பக்கம் போங்கள். விருதம்பட்டு தாண்டிப் பாலாற்றுப் பாலத்தில் பஸ் ஏறும்வரை உங்கள் எம்.பி. அரக்கோணத்துக்காரர். பாலம் இறங்கினதும் வேலூர் எம்.பி. கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்துக் கையில் கொடுப்பதற்குள் மக்களவைத் தொகுதி மாறிவிடும். எம்.எல்.ஏ.வும் மாறிவிடுவார். ஆனால் பாலத்தின் இரண்டு பக்கமும் மேயர் ஒருவரே, கலெக்டரும் ஒருவரே. வேலூர் மாநகராட்சியின் 60 வார்டுகள் ஆற்றின் இரு கரையிலும் பரவியிருக்கின்றன. கீழே ஆற்றைப் பார்த்தால் பெரும்பாலும் மணலும் முள்செடியும்தான். தண்ணீரில்லாத ஆற்றுக்கு இவ்வளவு வேலையா என்று தோன்றும்.

2019-ல் ஒரே ஊரில் சிலருக்கு விரலில் மை, சிலருக்கு இல்லை என்றார்களே, அது என்ன?

மேலே சொன்ன கோட்டின் வேலைதான். அந்த மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டுக்கு ஏப்ரல் 18-ம் தேதி வாக்குப்பதிவு. அதற்கு இரண்டு நாள் முன்னால், கணக்கில் வராத பணம் பிடிபட்ட விவகாரத்தில், வேலூர் மக்களவைத் தேர்தலைக் குடியரசுத் தலைவர் ரத்து செய்தார். காட்பாடி அரக்கோணத்தோடு இருப்பதால் அங்கே தேர்தல் நின்றுபோகவில்லை. 18-ம் தேதி ஆற்றுக்கு இந்தப் பக்கம் நாங்கள் வரிசையில் நின்று மை வைத்துக்கொண்டோம். அந்தப் பக்கம் வேலூர் டவுனில் ஒன்றும் இல்லை. அவர்கள் ஆகஸ்ட் 5-ம் தேதி போட்டார்கள். தி.மு.க.வின் கதிர் ஆனந்த் 8,141 வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தார்.

ஆம்பூரிலும் குடியாத்தத்திலும் இன்னும் வேடிக்கை. அங்கே சட்டமன்ற இடைத்தேர்தலும் அதே ஏப்ரல் 18-ல் இருந்தது, அது ரத்தாகவில்லை. ஆக ஏப்ரலில் எம்.எல்.ஏ.வுக்கு மட்டும், ஆகஸ்டில் எம்.பி.க்கு மட்டும் என்று நான்கு மாதத்தில் இரண்டு முறை பூத்துக்குப் போனார்கள்.

எங்கள் தொகுதிக்கு எம்.எல்.ஏ.வே இல்லாமல் போனால்?

குடியாத்தம்காரர்களைக் கேளுங்கள். 2017 செப்டம்பரில் பேரவைத் தலைவர் 18 எம்.எல்.ஏ.க்களைத் தகுதிநீக்கம் செய்தார். அதில் மூன்று பேர் அப்போதைய வேலூர் மாவட்டத்துக்காரர்கள்: குடியாத்தம், ஆம்பூர், சோளிங்கர். வழக்கு நடந்தது, 2018 அக்டோபரில் தகுதிநீக்கம் செல்லும் என்று உயர்நீதிமன்றத் தீர்ப்பு வந்தது, அப்புறம் 2019-ல் இடைத்தேர்தல். குடியாத்தத்தில் ஜெயித்த காத்தவராயன் 2020 பிப்ரவரியில் காலமானார். அதன்பின் இடைத்தேர்தல் நடக்கவேயில்லை, 2021 பொதுத் தேர்தலில்தான் அடுத்த உறுப்பினர். கூட்டிப் பாருங்கள்: 2017 செப்டம்பரிலிருந்து 2021 மே வரை மூன்றரை ஆண்டுக்கும் மேல், அதில் ஒன்பது மாதம் போலத்தான் அந்தத் தொகுதிக்குச் சட்டமன்றத்தில் ஆள் இருந்தது.

இடம் காலியானால் ஆறு மாதத்துக்குள் இடைத்தேர்தல் நடத்த வேண்டும் என்று மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் சொல்கிறது. மீதி இருக்கும் காலம் ஒரு வருடத்துக்குக் குறைவு என்றாலோ, அந்தக் காலத்துக்குள் நடத்துவது கடினம் என்று தேர்தல் ஆணையம் மத்திய அரசோடு கலந்து சான்றளித்தாலோ விலக்கு உண்டு. அதுவரை அரசாங்க வேலை நின்றுவிடாது, தாசில்தார், பி.டி.ஓ. (வட்டார வளர்ச்சி அலுவலர்), கலெக்டர் எல்லோரும் இருப்பார்கள். சட்டமன்றத்தில் எழுந்து உங்கள் ஊர்ப் பெயரைச் சொல்லிக் கேள்வி கேட்க மட்டும் ஆள் இருக்காது. அது சின்ன இழப்பு என்று நான் நினைக்கவில்லை.

எம்.எல்.ஏ. வெளியூர்க்காரராக இருக்கலாமா?

இருக்கலாம். 25 வயது முடிந்து, மாநிலத்தில் ஏதாவது ஒரு தொகுதியில் வாக்காளராக இருந்தால் போதும். நம்ம மாவட்டத்திலேயே இதற்குப் பெரிய உதாரணம் உண்டு. 1954 ஏப்ரலில் காமராஜர் முதலமைச்சர் ஆனபோது அவர் சட்டமன்ற உறுப்பினர் இல்லை, ஸ்ரீவில்லிபுத்தூர் மக்களவை உறுப்பினர். உறுப்பினர் அல்லாத ஒருவர் அமைச்சரானால் ஆறு மாதத்துக்குள் உறுப்பினராக வேண்டும். விருதுநகர்க்காரரான அவர் வந்து நின்றது குடியாத்தம் இடைத்தேர்தலில். ஜெயித்தார். அடுத்த 1957 தேர்தலில் தெற்கே சாத்தூருக்குப் போய்விட்டார். குடியாத்தத்தில் வயதானவர்கள் இதை இன்றைக்கும் பெருமையாகச் சொல்வார்கள், 'எங்க ஓட்டுலதான் முதல்வர் ஆனார்' என்று. கொஞ்சம் மிகை. ஆன பிறகு நிலைத்தது அந்த ஓட்டில் என்று வேண்டுமானால் சொல்லலாம்.

தனித்தொகுதி என்றால் மற்றவர்கள் ஓட்டுப் போடக் கூடாதா?

எல்லோரும் போடலாம். போட்டியிடுகிறவர் மட்டும் பட்டியல் சாதியைச் சேர்ந்தவராக இருக்க வேண்டும். பழைய வேலூர் மாவட்டத்தில் குடியாத்தம், கே.வி.குப்பம், அரக்கோணம் மூன்றும் தனி. தமிழ்நாடு முழுக்க 234-ல் 44 பட்டியல் சாதிக்கு, 2 பழங்குடிக்கு. அந்த இரண்டும் ஏற்காடும் சேந்தமங்கலமும்.

எம்.எல்.ஏ.விடம் 3 கோடி இருக்கிறதாமே, எங்கள் தெருவுக்கு ஏன் தரமாட்டேன் என்கிறார்?

அவர் கையில் ஒரு ரூபாய்கூட இல்லை. தொகுதி மேம்பாட்டு நிதி என்று ஆண்டுக்கு 3 கோடி ரூபாய் ஒவ்வொரு தொகுதிக்கும் ஒதுக்கப்படுகிறது. அதில் என்ன வேலை செய்யலாம் என்று எம்.எல்.ஏ. பரிந்துரைப்பார். நிர்வாக அனுமதி கலெக்டர் தருவார். வேலையைச் செய்வது ஊராட்சி ஒன்றியமோ நகராட்சியோ மாநகராட்சியோ, அந்தந்த இடத்தைப் பொறுத்து. எம்.பி.க்கு இதேபோல 5 கோடி உண்டு, ஆனால் அவருக்கு ஆறு சட்டமன்றத் தொகுதி. தொகுதிக்கு ஒரு கோடிகூடத் தேறாது.

நிதி எங்கே போனது என்று தெரிய பஸ் நிறுத்தத்தில் தலையைத் தூக்கிப் பாருங்கள். நிழற்குடையின் நெற்றியில் நிதியின் பெயர், ஆண்டு, மதிப்பீடு, கூடவே ஒரு போட்டோ இருக்கும். ரேஷன் கடைக் கட்டடம், உயர்கோபுர விளக்கு, ஆழ்துளைக் கிணறு, பள்ளிக்கூட வகுப்பறை, இவைதான் பெரும்பாலும். என்னைக் கேட்டால் நிழற்குடைக்குக் கொஞ்சம் அதிகமாகவே போகிறது. போட்டோ ஒட்ட இடம் இருப்பது காரணமா என்பதை உங்கள் யோசனைக்கு விடுகிறேன்.

பணம் இருந்தும் முடியாத வேலைகளும் உண்டு. அணைக்கட்டு தொகுதியில் பீஞ்சமந்தை, ஜார்தான்கொல்லை, பாலாம்பட்டு மலை ஊராட்சிகளுக்கு ரோடு போடுவதென்றால் வனத்துறை இசைவு வேண்டும். பாதை காட்டுக்குள் போகிறது. எம்.எல்.ஏ. பரிந்துரைத்தாலும் கலெக்டர் கையெழுத்துப் போட்டாலும் அந்த இசைவு வராமல் ஜல்லி கொட்ட முடியாது. 'இத்தனை வருஷம் என்ன பண்ணாங்க' என்று கேட்கிறவர்களின் கோபம் நியாயம். அந்தக் கேள்வியை எந்தெந்த அலுவலகத்தில் கேட்பது என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

சாக்கடை அடைப்புக்கு எம்.எல்.ஏ.விடம் போகலாமா?

போகலாம், அவர் மாநகராட்சிக்குப் போன் அடிப்பார். அந்தப் போனை நீங்களே கவுன்சிலருக்கு அடித்திருக்கலாம். சாக்கடை, குப்பை, தெருவிளக்கு, குடிநீர்க் குழாய் எல்லாம் உள்ளாட்சி. கிராமமாக இருந்தால் ஊராட்சித் தலைவர்.

பிறகு எம்.எல்.ஏ. எதற்கு?

சட்டம் போட. இதை யாரும் கேட்பதே இல்லை, நானாகச் சேர்த்துக்கொண்ட கேள்வி. கோட்டையில் பட்ஜெட் வந்ததும் துறைவாரியாக மானியக் கோரிக்கை, அதாவது அந்தந்தத் துறைக்குப் பணம் ஒதுக்கக் கேட்பது, பற்றி விவாதம் நடக்கும். உங்கள் ஊருக்குப் பாலமோ கல்லூரியோ தாலுகா ஆஸ்பத்திரியோ வருவதற்கான பேச்சு அங்கேதான் தொடங்கும். அமைச்சர் 'ஆவன செய்யப்படும்' என்று அவையில் சொல்லிவிட்டால் அது உறுதிமொழி. அதை நிறைவேற்றினார்களா என்று பார்க்க அரசு உறுதிமொழிக் குழு என்று தனியாக ஒன்று இருக்கிறது. பொதுமக்கள் நேரடியாகவே எழுதக்கூடிய மனுக்கள் குழுவும் பேரவையில் உண்டு. இந்தக் குழுக்கள் மாவட்டத்துக்கு வரும்போது கலெக்டர் அலுவலகம் பரபரப்பாகிவிடும். செய்தித்தாளில் சின்னதாக அறிவிப்பு வரும், கண்ணில் பட்டால் விடாதீர்கள்.

எம்.எல்.ஏ.வின் கையெழுத்து எதற்கு உதவும்?

என் கடையில் பத்துக்கு எட்டுப் பேர் ஆதார் முகவரி மாற்றத்துக்காகத்தான் கேட்கிறார்கள். வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு வேறு ஆதாரம் இருக்காது. அதற்கென்று ஒரு சான்றுப் படிவம் உண்டு. எம்.பி., எம்.எல்.ஏ., கவுன்சிலர், தாசில்தார், கெசட்டட் அதிகாரி என்று பலர் கையெழுத்திடலாம். போட்டோவின் மேல் பாதியும் தாளின் மேல் பாதியுமாகக் கையெழுத்தும் முத்திரையும் விழ வேண்டும். மூன்று மாதம்தான் செல்லும். அடித்தல் திருத்தல் இருந்தால் ஆதார் மையத்தில் திருப்பி அனுப்பிவிடுவார்கள், எனவே இரண்டு பிரதி எடுத்துப்போங்கள். எம்.எல்.ஏ. ஆபீசில் கூட்டமென்றால் கவுன்சிலரே போதும்.

கட்சியின் மாவட்டச் செயலாளரும் எம்.எல்.ஏ.வும் ஒன்றா?

சில சமயம் ஆள் ஒன்று, பதவி வேறு. கட்சிகள் தங்கள் வசதிக்கு மாவட்டங்களைத் தனியாகப் பிரித்து வைத்திருக்கின்றன. அது அரசாங்க மாவட்டத்தோடு பொருந்த வேண்டியதில்லை. போஸ்டரில் 'மத்திய மாவட்டம்', 'மாநகர் மாவட்டம்' என்று பார்த்துவிட்டு, அந்தப் பெயரில் கலெக்டர் அலுவலகம் எங்கே என்று கேட்டு ஒருவர் வந்தார்.

வட ஆற்காடு என்கிறார்களே, அது எங்கே போனது?

ஆற்காடு நவாப் ஆண்ட நிலத்தின் வடபகுதி என்று வெள்ளைக்காரர் வைத்த பெயர். முதலில் தலைநகரம் சித்தூர். 1911-ல் சித்தூர் தனி மாவட்டமானபின் வேலூர். 1989-ல் திருவண்ணாமலை பிரிந்துபோனது, நமக்கு வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம் என்று பெயர் வந்தது. தொண்ணூறுகளின் பின்பாதியில் மாவட்டங்களின் பெயர்களிலிருந்து தலைவர்கள் பெயரை எடுத்தபோது வெறும் வேலூர் ஆனது. 2019-க்குப் பிறகு ஆற்காடு ஊரே வேலூர் மாவட்டத்தில் இல்லை, ராணிப்பேட்டையில் இருக்கிறது. பழைய பத்திரங்களில் 'வ.ஆ. ஜில்லா' என்று இருந்தால் பயப்பட வேண்டாம்.

ஒரு ஓட்டில் என்ன ஆகிவிடும்?

2021-ல் காட்பாடியில் துரைமுருகன் ஜெயித்தது 746 ஓட்டில். 1971-ல் அவர் முதன்முதலில் சட்டமன்றத்துக்குப் போனதே இதே தொகுதியிலிருந்துதான். எத்தனையோ தேர்தல் பார்த்தவர், அன்றைக்கு வாக்கு எண்ணிக்கை முடியும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டியிருந்தது. எங்கள் கடைத்தெருவில் டி.வி. முன்னால் நின்றவர்களுக்கும் அதே கதிதான், இரண்டு கட்சிக்காரர்களும் சேர்த்து.

வேலை செய்யாத எம்.எல்.ஏ.வை நடுவில் திரும்ப அழைக்கலாமா?

சட்டத்தில் வழியில்லை. ஐந்து வருடம்.

சரி, மனுவை யாருக்குத்தான் எழுதுவது?

பிரச்சினையைத் தீர்க்கும் அதிகாரம் யாரிடமோ அவருக்கு. பெரும்பாலும் அது ஒரு அதிகாரியாக இருக்கும். 'பெறுநர்' அவர் பெயரில், கீழே 'நகல்' என்று எழுதி எம்.எல்.ஏ.வுக்கு ஒன்று. எல்லோருக்கும் ஒரே மனுவைப் பெறுநராகப் போட்டு அனுப்பினால் ஒவ்வொருவரும் மற்றவர் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடுவார்கள். திங்கட்கிழமை சத்துவாச்சாரியில் கலெக்டர் அலுவலகக் குறைதீர் நாளில் கொடுத்தால் பதிவு எண்ணோடு ரசீது தருவார்கள். அந்த ரசீதை ஜெராக்ஸ் எடுத்து எம்.எல்.ஏ. ஆபீசில் கொடுக்கும் நகலோடு பின் அடித்துவிடுங்கள். எண் இருந்தால் அவருடைய உதவியாளர் போனில் விசாரிக்க வசதி. ரசீதின் ஒரிஜினலை எங்கேயும் விடாதீர்கள். கடை மேஜை டிராயரில் அப்படி விட்டுப்போனவை ஒரு கட்டு இருக்கிறது. உங்களுடையதும் இருக்கலாம், வந்து பாருங்கள்.